திரையில் வந்தவரும் வராதவரும்

2022-ஆம் ஆண்டு விருதுநகர்ச் சீமையிலே இரண்டு காரியங்கள் நடந்தேறின. வைப்பாற்றின் வடகரையில், வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்து மேட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அகழாய்வைத் தொடங்கினர். சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் உருவங்களும் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படத்தின் முதற்பாகம் வெளியாயிற்று. குழியைக் காணச் சென்றோர் சிலர். படத்தைக் காணச் சென்றோர் பலர். இதில் வியப்பதற்கொன்றுமில்லை. உடைந்த வளையல் துண்டு வாய் திறந்து பேசுவதில்லை. திரையிலே தோன்றும் அரசனோ குதிரையேறி வருகிறான், பேசுகிறான், நம் குழந்தைகளின் நெஞ்சிலே குடியேறியும் விடுகிறான். குடியேறியவன் யார், எங்கிருந்து வந்தவன் என்று கேட்கும் பழக்கம் நம் இல்லங்களில் உண்டா என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி நமக்குத் தோன்றியது ஆலங்குளத்தில். தென்காசிப் பக்கத்து ஆலங்குளமன்று. அரசினர் சிமெண்டு ஆலையால் பலரும் அறிந்த விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். வெம்பக்கோட்டை மேட்டிலிருந்து அதிகத் தொலைவில்லை. உறவினர் ஒருவர் இல்லத்தில் ஓரிரவு தங்க நேர்ந்தது. இஷா தொழுகைக்குப் பின் தொலைக்காட்சியில் ‘ராஜா தேசிங்கு’ ஓடிக் கொண்டிருந்தது. 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த அந்தப் பழைய படத்தை வீட்டிலிருந்த மூதாட்டி கண்கொட்டாமல் பார்த்துக் கொண்டிருந்தார். அருகிலே பன்னிரண்டு வயதுப் பேரன்.

“நன்னிம்மா, நவாபும் முஸ்லிம்தானே? மொகபத்கான் ஏன் அவரை எதிர்த்துச் சண்டைக்குப் போறாரு?” என்று கேட்டான் சிறுவன்.

“சிநேகிதன் கூப்பிட்டான், போனாரு. கல்யாணப் பந்தலை விட்டே எழுந்து போனாருடா” என்றார் மூதாட்டி.

“இது நெசமா நடந்துச்சா, படத்துக்காகச் செஞ்சதா?”

கூடத்திலிருந்தவர் யாரும் விடை பகரவில்லை. நாமும் உடனே சொல்லவில்லை. பட்டாசுத் தொழிலிலும் தீப்பெட்டித் தொழிலிலும் வாணிபத்திலும் கணக்குப் பிசகாதவர்கள் நிறைந்த பகுதி அது. ஆயினும் கதைக்கும் வரலாற்றுக்கும் இடையிலுள்ள கணக்கைத் தீர்த்துச் சொல்ல நம்மில் ஒருவரும் ஆயத்தமாயில்லை. அந்த மௌனமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

பாட்டும் படமும்

பழங்கதைகளைப் படமாக்கும்போது வரலாற்று உண்மை பெரிதா, காண்போர் களிப்புப் பெரிதா என்று வழக்காடுவது நெடுநாளைய வழக்கம். ஒரு சாரார், “படம் பாடப்புத்தகமன்று, உண்மை வேண்டுவோர் நூலகத்துக்குச் செல்லட்டும்” என்பர். மற்றொரு சாரார், “வரலாற்றைத் திரிப்பது குற்றம், கற்பனைக்கு இடமே கூடாது” என்பர். இரண்டுமே முழுமையற்றவை என்பது நம் கருத்து. முன்னவர், நூலகத்துக்கு ஒருநாளும் போகாத இலட்சோப இலட்சம் மக்களை மறந்து பேசுகிறார். பின்னவர், கற்பனையே கலவாத கதை உலகில் எங்குமில்லை என்பதை மறந்து பேசுகிறார்.

தென்னாட்டிலே மூன்று வீரர்களைப் பற்றிய கதைப்பாடல்கள் கிராமந்தோறும் பாடப்பட்டு வந்தன. செஞ்சியை ஆண்ட தேசிங்குராசன் கதை ஒன்று; பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கதை மற்றொன்று; மதுரையை ஆண்ட கான்சாகிபின் கதை மூன்றாவது. பேராசிரியர் நா. வானமாமலை அவர்கள் பின்னிரண்டு பாடல்களையும் தேடிப் பதிப்பித்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்தில் அவற்றை வெளியிட்டது. முதலிரண்டு வீரரும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெள்ளித்திரைக்கு வந்தனர்: 1959-இல் கட்டபொம்மன், 1960-இல் தேசிங்கு. மூன்றாமவர் இன்றுவரை முழுமையாக வரவேயில்லை. வந்தவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியதும் உண்டு. வராதவரை நினைந்து நாம் அஞ்ச வேண்டியதும் உண்டு.

தேசிங்கின் குதிரை

முதலில் சிறுவனின் ஐயத்தை எடுத்துக் கொள்வோம். தேசிங்கு என நாம் வழங்குபவர் தேஜ்சிங் என்னும் புந்தேலா இராஜபுத்திரர். தந்தை சொரூப்சிங்கிற்குப் பின் செஞ்சிக் கோட்டை அவர் கைக்கு வந்தது. கட்ட வேண்டிய கப்பம் நிலுவையிலிருந்தது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் அதைக் கேட்டார், தேசிங்கு மறுத்தார். 1714-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நிகழ்ந்த போரில் இருபத்திரண்டு வயதேயான அவ்விளைஞர் வீழ்ந்தார். வரலாற்றாசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் செஞ்சியின் வரலாற்றை எழுதி 1943-இல் வெளியிட்ட நூலிலே இச்செய்திகள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன.

இதற்குமேல் பாட்டு தன் வேலையைத் தொடங்குகிறது. யாரும் அடக்கவியலாத பாராசாரிக் குதிரையைத் தேசிங்கு அடக்குகிறார். மொகபத்கான் மணமேடையிலிருந்து எழுந்து, நீலவேணி என்னும் தம் குதிரையிலேறி நண்பனோடு களம் புகுந்து மடிகிறார். நண்பனை இழந்த தேசிங்கோ தம் வாளை வானத்தில் எறிந்து மார்பிலேற்று உயிர் துறக்கிறார். செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டியில் மொகபத்கானின் அடக்கத்தலத்தை ஊரார் இன்றும் காட்டுவர்.

இந்தப் போர் இரண்டு மதங்களுக்கிடையே நடந்ததன்று. ஒரு வரிப் பிணக்கு. நவாபின் சார்பில் வரி கேட்க வந்த அதிகாரியின் பெயர் தோடர்மால். தேசிங்கின் சார்பில் உயிர் கொடுத்தவனின் பெயர் மொகபத்கான் எனப் பாட்டு சொல்கிறது. மதத்தைக் கொண்டு அணி பிரித்துப் பார்க்க விழைவோர்க்கு இக்கதை இடங்கொடுப்பதில்லை. நாட்டுப்புறப் பாடகன் விட்டுச் சென்ற இந்த உயிர்நாடியைப் படமும் போற்றிக் காத்தது. ஆடலும் பாடலும் காதலும் சேர்த்தார்கள். நட்பை வெட்டி எறியவில்லை. அதனால்தான், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஆலங்குளத்து மூதாட்டி ஒருவர், “சிநேகிதன் கூப்பிட்டான், போனாரு” என்று ஒரே வாக்கியத்தில் கதையின் சாரத்தைச் சொல்ல முடிந்தது.

நூல்களிலும் பிழை நேர்வதுண்டு என்பதை ஈண்டு சொல்லியாக வேண்டும். தேசிங்கோடு உடன்கட்டையேறிய இராணியின் நினைவாக நவாப் சாதத்துல்லா கான் இராணிப்பேட்டையை 1771-இல் நிறுவினார் என்று பழைய ஆவணத் தொகுப்புகளில் எழுதியிருப்பதைக் காணலாம். அந்த நவாபோ 1732-லேயே காலமாகி விட்டார்! ஆகவே அச்சிலேறியது அனைத்தும் மெய்யென்றும், திரையிலேறியது அனைத்தும் பொய்யென்றும் கொள்வது பேதைமை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நூலின் பிழையை மற்றொரு நூல் திருத்தும். படத்தின் பிழையைத் திருத்த மற்றொரு படம் வருவது அரிது.

எட்டப்பன் என்னும் சொல்

அடுத்தது ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. பி. ஆர். பந்துலு இயக்கத்தில், சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் வசனத்தோடு சிவாஜி கணேசன் முழங்கிய படம். 1960-இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவிலே அவருக்குச் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்தது. வரிகொடா வீரனின் வசனத்தைப் பள்ளி மேடைகளில் ஒப்பிக்காத தமிழ்ப் பிள்ளை ஒரு தலைமுறைக் காலம் இருந்ததில்லை. நம் பிள்ளைகளும் ஒப்பித்தவர்களே.

வரலாறு என்ன சொல்கிறது? 1798-ஆம் ஆண்டு கலெக்டர் ஜாக்சன் தம்மைக் காண வருமாறு கட்டபொம்மனுக்கு ஆணையிட்டார். வந்தவரைக் காணாமலே ஊரூராகச் சென்றார். குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி, திருவில்லிபுத்தூர் என்று பாளையக்காரர் அவர் பின்னாலேயே தம் பரிவாரத்தோடு அலைந்தார். 23 நாட்கள் அலைந்து, முடிவில் இராமநாதபுரத்தில்தான் சந்திப்பு நிகழ்ந்தது. சிவகிரியிலிருந்து திருவில்லிபுத்தூருக்குச் செல்லும் வழி ஆலங்குளத்துக்கு மேற்கே சிறிது தொலைவில்தான் உள்ளது. அவ்வழியே ஓர் அரசர், தம்மை அவமதிக்கும் அதிகாரியைத் தொடர்ந்து பொறுமையோடு சென்றிருக்கிறார். இராமநாதபுரத்தில் கணக்குப் பார்த்தபோது நிலுவையின் பெரும்பகுதி ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தது. கைகலப்பு மூண்டது, லெப்டினண்ட் கிளார்க் மாண்டார், கட்டபொம்மன் தப்பினார். பின்னர் நடந்த விசாரணையில் கட்டபொம்மன் மீது குற்றமில்லையென முடிவாகி, ஜாக்சன் பதவியிழந்தார்.

இந்த வரலாறு சுவையற்றதா? கப்பத்தைக் கட்டியும் காக்க வைக்கப்பட்ட மனிதரின் மானம் சிறுகச் சிறுகக் கொதித்தெழுவது, “ஒரு காசும் தரமாட்டேன்” என்ற முழக்கத்தினும் ஆழமான நாடகமன்றோ? ஆனால் மக்கள் நினைவிலே நிலைத்து நின்றது முழக்கம். அலைந்த வழி மறைந்து போயிற்று.

இதே வரலாற்றின் முடிவைப் பாருங்கள். கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். தண்டனையை நிறைவேற்றிய மேஜர் பானர்மென் மறுநாள் சென்னைக்கு எழுதிய கடிதத்திலே, கட்டபொம்மன் சற்றும் அஞ்சாமல் நின்றதையும், சுற்றிநின்ற பாளையக்காரர்களை இகழ்ச்சியோடு நோக்கியதையும், உறுதியான நடையோடு தூக்கு மேடைக்குச் சென்றதையும் தாமே குறித்திருக்கிறார். பகைவனின் கையெழுத்தே வீரத்துக்குச் சான்றாக நிற்கும்போது, அதற்குமேல் எந்த வசனகர்த்தா என்ன சேர்த்துவிட முடியும்? படத்தின் இறுதிக் காட்சி நம்மை உலுக்குவது, அது இவ்வுண்மைக்கு அருகில் நிற்பதால்தான் என்று நாம் கருதுகிறோம்.

எனினும் படமும் மேடையும் சேர்ந்து செய்த ஒரு காரியத்தை மறைப்பதற்கில்லை. எட்டயபுரத்தார் கும்பினிக்குத் துணைநின்றது மெய். ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அப்படியிருந்தும் காட்டிக் கொடுப்பவனைக் குறிக்க இன்று தமிழில் வழங்கும் சொல் ‘எட்டப்பன்’ என்பதே. ஒரு வமிசத்தின் பட்டப்பெயர் வசைச்சொல்லாகி விட்டது. அந்தக் குடும்பத்தில் பிறக்கும் குழந்தை, தான் செய்யாத ஒன்றுக்காகப் பள்ளிக்கூடத்தில் தலைகுனிய நேர்கிறது.

இதை வேறு யார் உணராவிட்டாலும் நாம் உணர வேண்டும். பெயரைக் கேட்டவுடனே ஒரு கதையை நம்மேல் போர்த்தும் உலகிலே வாழ்கிறோம். படத்திலே காணும் பழங்கால முஸ்லிம் என்றால், ஒன்று பாக்தாத் வீதியில் திரியும் வேடிக்கைத் திருடன். அன்றேல் கோட்டைவாயிலை முற்றுகையிடும் கொடியவன். 1956-இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ நாம் எல்லோரும் சிரித்து மகிழ்ந்த படம், குறை சொல்வதற்கில்லை. அது கதை என்பது அதன் தலைப்பிலேயே தெரிந்தது. கதையென்று தெரிந்த கதையால் யாருக்கும் தீங்கில்லை. கதை, வரலாற்றின் உடையை உடுத்திக் கொண்டு வரும்போதே தீங்கு நேர்கிறது.

வராத வீரர்

மூன்றாமவர் கான்சாகிபு. மருதநாயகம் என்னும் பெயரோடு பனையூரில் பிறந்தவரென்று மரபு கூறும்; இஸ்லாத்தைத் தழுவி யூசுப்கான் ஆனார். கும்பினிப் படையில் உயர்ந்தார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குரிய மானியங்களை மீட்டுக் கொடுத்தவரும் அவரே. 1763-இல் நவாப் முகம்மதலியையும் கும்பினியையும் எதிர்த்து நின்றார். மாதக்கணக்கில் மதுரையை முற்றுகையிட்டும் வெல்லவியலாத பகைவர், உள்ளிருந்தோரைக் கொண்டு அவரைப் பிடித்தனர். பிரெஞ்சுத் தளபதி மார்ச்சந்த், திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிபு ஆகியோர் அந்தச் சதியில் சேர்ந்திருந்தனர். மூவரும் மூன்று சமயத்தவர் என்பதை நோக்குக. 1764 அக்டோபர் 15-ஆம் நாள் மதுரைக்கு வெளியே அவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலமும் பள்ளிவாசலும் உள்ளன. எஸ். சி. ஹில் என்னும் ஆங்கிலேயர் 1914-லேயே அவர் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார்.

இவர் கதையைக் கமல்ஹாசன் ‘மருதநாயகம்’ என்ற பெயரில் படமாக்கத் தொடங்கினார். 1997 அக்டோபர் 16-ஆம் நாள் சென்னையில் தொடக்க விழா. வந்திருந்த விருந்தினர் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத். கான்சாகிபு தூக்கிலிடப்பட்ட நாளுக்கு மறுநாள். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அதே நாள்! தூக்குக்கயிறு மாட்டிய கும்பினியின் நாட்டு அரசியே விழாவுக்கு வந்த விந்தையை எந்தக் கதாசிரியரும் கற்பித்திருக்க மாட்டார். தொடங்கிய படம் நின்று போயிற்று.

நின்று போனதற்காக நம்மவர் பலர் வருந்துவதை நாம் அறிவோம். “கட்டபொம்மனுக்கு முன்னரே கும்பினியை எதிர்த்தவர் ஒரு முஸ்லிம், அதை நாடறிய வேண்டாமா?” என்பர். நியாயமான ஆதங்கமே. ஆயினும் ஆலங்குளத்திலிருந்து தென்மேற்கே சென்றால் நெற்கட்டும்செவல் வருகிறது. புலித்தேவர் கோட்டை கட்டி ஆண்ட இடம். அந்தக் கோட்டையைக் கும்பினிக்காக 1761-இல் வீழ்த்தியவர் யார்? இதே யூசுப்கான். திருவில்லிபுத்தூரில் தம் படையை நிறுத்தி, இந்தச் சீமையின் பாளையங்களையெல்லாம் பல்லாண்டுகள் ஒடுக்கியவரும் அவரே. புலித்தேவரின் பக்கம் நின்றவர்களுள்ளோ நவாபின் தமையன் மாபூஸ்கானும், நபிகான் கட்டக் முதலிய பட்டாணியத் தலைவர்களும் இருந்தனர். முஸ்லிம் இந்தப் பக்கமும் உண்டு; அந்தப் பக்கமும் உண்டு.

ஆகவே, நாளை யாரேனும் அப்படத்தை முடித்து வெளியிட்டால், நாம் எதைக் காண விரும்புவோம்? நெற்கட்டும்செவலை மறைத்துவிட்டுச் சம்மட்டிபுரத்தை மட்டும் காட்டினால் கைதட்டுவோமா? சம்மட்டிபுரத்தை மறைத்துவிட்டு நெற்கட்டும்செவலை மட்டும் காட்டினால் கொதித்தெழுவோமா? இரண்டாவது படம் வந்தால் வரலாற்றுப் புரட்டென்று கண்டனக் கூட்டம் போடுவோம். முதலாவது படம் வந்தால் குடும்பத்தோடு சென்று பார்த்துவிட்டு வாழ்த்துக் கடிதம் எழுதுவோம். நம் மனச்சான்றைத் தொட்டுச் சொன்னால் நிலைமை இதுதான். நமக்குச் சாதகமான புரட்டையும் புரட்டென்று சொல்லத் துணியாதவர்க்கு, பாதகமான புரட்டைக் கண்டிக்கும் தகுதி ஏது?

கும்பினியின் ஊழியராயிருந்து, தம் மக்களையே ஒடுக்கி, பின்னர் அதே கும்பினியை எதிர்த்து மாண்ட மனிதரின் உள்ளத்தில் என்னவெல்லாம் நிகழ்ந்திருக்கும்! இரண்டு ஊர்களையும் ஒரே படத்தில் காட்டத் துணியும் கலைஞர்க்கே அந்த உள்ளம் வசப்படும். அவ்வாறு காட்டுவது களிப்பைக் குறைக்காது; கூட்டவே செய்யும்.

நம் வீட்டுக் கிஸ்ஸாக்கள்

பிறரைச் சொன்னோம், நம்மையும் சொல்லிக் கொள்வோம். மின்விளக்கு வராத காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் அரிக்கேன் விளக்கைச் சுற்றியமர்ந்து இராகத்தோடு படித்தவை படைப்போர்களும் கிஸ்ஸாக்களும். ‘சைத்தூன் கிஸ்ஸா’வில் அலி (ரலி) அவர்களின் மைந்தர் முகம்மது ஹனீபா வீராங்கனை சைத்தூனோடு பொருதுகிறார். படைப்போர் நூல்களில் வரலாறு காணாத நாடுகளில், வரலாறு காணாத மன்னர்களோடு போர்கள் நிகழ்கின்றன. முகம்மது ஹனீபா வரலாற்றில் வாழ்ந்த பெரியார். அந்தப் போர்கள் புலவர்களின் படைப்பு. நம் பாட்டிமார் அவற்றைக் கண்ணீரோடு படித்தனர். அதனால் அவர்களின் ஈமான் குறைந்ததாக நாம் கருதவில்லை. தமிழ் வளர்ந்ததென்பதும் மெய். ஆனால் ஹதீது எது, கிஸ்ஸா எது என்று அவ்வீட்டிலேயே பெரியவர் ஒருவர் பிரித்துச் சொல்வார். அந்தப் பெரியவரின் இடம் இன்று காலியாகக் கிடக்கிறது.

இந்தப் பிரித்தறியும் கலையில் உலகுக்கு முன்னோடியாக நின்ற சமுதாயம் நம்முடையது. ஒரு செய்தி கிடைத்தால், “யார் சொன்னார்? அவர் யாரிடம் கேட்டார்? இருவரும் சந்தித்திருக்க முடியுமா?” என்று சங்கிலித் தொடராகக் கேட்டு, அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் வாழ்வையும் துருவி ஆராய்ந்த பின்பே ஹதீதுகளை ஏற்றனர் நம் இமாம்கள். கதை சொல்லிகளின் தொல்லை அன்றும் இருந்தது. ஹிஜ்ரி 597-இல் (1201) மறைந்த பக்தாத் அறிஞர் இப்னுல் ஜவ்ஸி அவர்கள் கதை சொல்வோரைப் பற்றித் தனி நூலே இயற்றினார். அவரும் ஆயிரமாயிரவரைக் கவர்ந்த சொற்பொழிவாளர்தாம். கதை சொல்வதை அவர் தடுக்கவில்லை. பொய்யை மெய்யென்று சொல்வதையே கண்டித்தார். பக்தாதின் பள்ளிவாசலுக்கு அவர் சொன்னது சென்னைப் படநிலையத்துக்கும் பொருந்தும்.

எல்லை வகுத்துக் கொண்டால் கலை குன்றிவிடும் என்பாரும் உளர். முஸ்தபா அக்காத் 1976-இல் வெளியிட்ட ‘தி மெஸ்ஸேஜ்’ படத்தை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவத்தையோ குரலையோ காட்டுவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு, அவர்களின் வரலாற்றையே படமாக்கினார். ஹம்ஸா (ரலி) அவர்களாக ஆங்கிலப் படத்தில் அந்தோணி குயினும், அரபிப் படத்தில் அப்துல்லா கைதும் நடித்தனர். நடிகர்களைக் கொண்டு நடித்துக் காட்டுவதே கூடாதென்போரின் வாதத்தை நாம் மதிக்கிறோம். இங்கு நாம் சுட்டுவது ஒன்றே: காட்டக் கூடாததைக் காட்டாமல் விட்டதே அந்தப் படத்துக்குத் தனி அடக்கத்தைத் தந்தது.

‘பொன்னியின் செல்வ’னுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என இரவிதாசன் முதலியோரின் பெயரை உடையார்குடிக் கல்வெட்டு கூறுகிறது. நந்தினியோ கல்கியின் கற்பனை. கல்கி தம் நாவலிலே ஆங்காங்கே நின்று, இந்தச் செப்பேடு இவ்வாறு கூறுகிறது, அந்தக் கல்வெட்டு அவ்வாறு கூறுகிறது என்று வாசகரிடம் பேசுவார். வாசகருக்கு மண் எது, மாளிகை எது என்று ஓரளவு புலப்படும். திரையிலோ கல்வெட்டிலிருந்து வந்த இரவிதாசனும் கற்பனையிலிருந்து வந்த நந்தினியும் ஒரே ஒளியில், ஒரே அளவு மெய்யாக நிற்கின்றனர். படத்தின் தொடக்கத்தில் ஓடும் பொறுப்புத் துறப்பு அறிவிப்பை வாசிப்பவர் யார்? அது வழக்கறிஞர்க்காக எழுதப்படுவது, மக்களுக்காக எழுதப்படுவதன்று. படத்தின் முடிவிலே, இவர் வரலாற்றில் உள்ளவர், இவர் எம் கற்பனை என்று நான்கு வரிகள் நிறுத்திக் காட்டினால் எந்தக் கலைஞரின் புகழும் மங்கிவிடாது.

சிறுவனுக்குச் சொன்ன விடை

மறுநாட் காலை அந்தச் சிறுவனை அழைத்து நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். தேசிங்கு வாழ்ந்தது மெய். கப்பம் மறுத்ததும் போரில் வீழ்ந்ததும் மெய். வாளை எறிந்து மார்பிலேற்றது பாட்டு. ஆடலும் காதலும் படம். மூன்றையும் மூன்று விரல்களாக நீட்டிக் காட்டினோம்.

அவன் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்ப நன்னிம்மா சொன்னது பொய்யா?” என்று கேட்டான்.

மூதாட்டி அடுப்படியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். விடை சொல்லும் பொறுப்பு திடீரென்று கனத்தது. பொய்யில்லை என்றோம். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்தானா இல்லையா என்பதற்கு ஓலையும் கல்வெட்டும் கையில் இல்லாமலிருக்கலாம். ஆனால் முந்நூறு ஆண்டுகளாக இந்நாட்டு மக்கள், இந்துக்களும் முஸ்லிம்களும், அப்படியொரு நண்பன் இருந்தான் என்று பாடியிருக்கிறார்கள். அவன் பெயரால் ஓர் அடக்கத்தலத்தைப் பேணியிருக்கிறார்கள். அவர்கள் பாடினார்கள் என்பது வரலாறு. அதை யாராலும் மறுக்கவியலாது. எந்த நண்பனைப் போற்றினார்களோ அந்த நண்பனைக் கொண்டே அம்மக்களின் உள்ளத்தை அறியலாம்.

சிறுவன் முழுதும் நிறைவுற்றதாகத் தெரியவில்லை. அதுவும் நன்மைக்கே. கேள்வி உறங்கிவிட்டால் அடுத்த படம் அவனை ஆட்கொண்டுவிடும். வெம்பக்கோட்டை மேட்டுக்கு அவனை அழைத்துப் போகுமாறும், மதுரைக்குச் செல்லும்போது சம்மட்டிபுரத்துப் பள்ளிவாசலில் ஒரு வக்து தொழுது வருமாறும், திரும்பும் வழியில் நெற்கட்டும்செவலையும் காட்டுமாறும் அவன் தந்தையிடம் சொல்லி வந்தோம். மூன்றாவது ஊரை மறந்துவிடக் கூடாதென்று இருமுறை சொன்னோம்.